பெட்டி தூக்காத பெண்

போன வாரம் ஃபோனில் பேசும்போது என் தங்கை கேட்டாள்: "இன்னுமா அந்த டின் அடுக்குற வேலைக்குப் போற?"

ஆமாம், இன்னும்தான். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் நான் எங்கள் ஊர் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இருப்பேன். அங்கே ஒரு சின்ன உணவு வங்கி நடக்கிறது. வியாழக்கிழமை லாரி வரும். வெள்ளிக்கிழமை அடுக்க வேண்டும். சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கதவு திறந்தால், பீன்ஸ் டின், வேர்க்கடலை வெண்ணெய், ரொட்டி, முட்டை, உருளைக்கிழங்கு என்று ஆளுக்கு ஒரு பெட்டி.

"அமெரிக்காவில் சாப்பாட்டுக்கு வரிசையா?" என்று கேட்காத உறவினர் இல்லை. நாங்கள் இருப்பது ஒஹாயோ மாநிலத்தின் தென்கிழக்கு மூலை. ஒரு காலத்தில் நிலக்கரியால் வாழ்ந்த மலையோரம். சுரங்கங்கள் மூடி வெகு காலமாகிறது. பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிகள் வருவார்கள். முழு நேர வேலை இருந்தும் மாதக் கடைசியில் கையைப் பிசைகிறவர்கள் வருவார்கள். யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை.

இதை இருபது வருடங்களுக்கு மேலாக நடத்தி வந்தவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. பெயர் வேண்டாம். மனசுக்குள் அவரை நான் 'பெரியம்மா' என்றுதான் கூப்பிடுவேன். லாரிக்காரரின் நம்பர், ஃப்ரீசர் ரிப்பேர்காரரின் வீடு, எந்தக் குடும்பத்தில் சர்க்கரை நோயாளி இருக்கிறார், எந்தத் தாத்தாவுக்குப் பல் இல்லாததால் ஆப்பிளுக்குப் பதில் வாழைப்பழம் தர வேண்டும்... எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அட்டைப்பெட்டியின் மூடியில் பென்சிலால் கோடு போட்டு எண்ணுவார். அடுத்த வாரம் அந்த மூடி குப்பைக்குப் போய்விடும்.

2022 ஆகஸ்டில் இந்த இடத்துக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். இருபத்திரண்டு வயது, அப்போதுதான் கல்லூரி முடித்தவள். "ஒரு வருஷம் முழு நேரமா இங்கதான் இருப்பா. அரசாங்கம் அனுப்பியிருக்கு" என்று பெரியம்மா அறிமுகப்படுத்தினார். எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். என் முழங்காலுக்கு ஓய்வு கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன்.

அந்தப் பெண் ஒரு பெட்டியைக்கூடத் தூக்கவில்லை.

மூலையில் ஒரு மேஜை, லேப்டாப், கையில் ஒரு நோட்டு. பெரியம்மா போகுமிடமெல்லாம் பின்னாலேயே போய்க் கேள்வி கேட்பாள். இதை ஏன் இங்கே வைக்கிறீர்கள்? சாவி இன்னொன்று யாரிடம் இருக்கிறது? வெள்ளிக்கிழமை ராத்திரி ஃப்ரீசர் நின்றுபோனால் என்ன செய்வீர்கள்? "எனக்குத் தெரிஞ்சிடும்" என்பார் பெரியம்மா. "எப்படித் தெரியும்?" என்பாள் அவள். எங்களுக்கெல்லாம் எரிச்சலாக இருந்தது.

அந்த நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை, கூட்டம் வாசலைத் தாண்டி கார் நிறுத்துமிடம் வரைக்கும் நின்றது. இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. நான் உருளைக்கிழங்கு மூட்டையை இழுத்துக்கொண்டிருக்கிறேன், அவள் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள். பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "கை ஒடிஞ்சா போயிடும்?" என்பதற்கு நிகரான ஆங்கிலத்தில், எல்லோர் காதிலும் விழும்படி.

அவள் முகம் சிவந்துவிட்டது. எழுந்து வந்து இரண்டு பெட்டி தூக்கினாள். தூக்கத் தெரியவில்லை, ஒன்று நழுவி டின்கள் உருண்டன. "என் வேலை இது இல்லைன்னு சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க" என்றாள் மெதுவாக. அன்றைக்கு அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தது என்ன தெரியுமா? பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு கடிதம். சனிக்கிழமைகளில் மூட்டை இழுக்க மாணவர்களை அனுப்ப முடியுமா என்று கேட்டு. இதை இரண்டு மாதம் கழித்து, அந்தப் பையன்கள் வந்து நின்றபோதுதான் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகுதான் இந்தத் திட்டம் என்னவென்று கேட்டும் படித்தும் விளங்கிக்கொண்டேன்.

இதன் பெயர் விஸ்டா. 'அமெரிக்காவுக்குச் சேவை செய்யும் தன்னார்வலர்கள்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் 1964 ஜனவரியில் வறுமையின் மீது போர் என்று அறிவித்தார். அந்த வருடம் மே 7-ம் தேதி அவர் எங்கள் பக்கம்கூட வந்திருக்கிறார், ஏதென்ஸ் என்ற ஊரில் உள்ள ஒஹாயோ பல்கலைக்கழகத்துக்கு. (ஆமாம், ஒஹாயோவிலும் ஓர் ஏதென்ஸ் உண்டு.) ஆகஸ்டில் சட்டம் கையெழுத்தானது. வெளிநாடுகளுக்கு இளைஞர்களை அனுப்பும் அமைதிப் படை 1961-லேயே தொடங்கியிருந்தது. உள்நாட்டு ஏழைகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று உருவானதுதான் விஸ்டா. டிசம்பரில் முதல் 20 பேரை ஜான்சன் வெள்ளை மாளிகைக்கு வரவழைத்து வாழ்த்தினார். 1993-ல் அமெரிகார்ப்ஸ் என்ற பெரிய தேசிய சேவை அமைப்பு உருவானபோது விஸ்டாவும் அதற்குள் வந்தது.

ஆரம்ப காலத்தில் வந்தவர்கள் கிராமங்களிலேயே தங்கி, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது முதல் எல்லாம் செய்தார்கள். எண்ணெய்ச் சக்கரவர்த்தி ராக்கஃபெல்லர் குடும்பத்தின் வாரிசு ஜே ராக்கஃபெல்லர், 1960-களின் நடுவில் பக்கத்து மாநிலமான வெஸ்ட் வர்ஜீனியாவில் எம்மன்ஸ் என்ற சிற்றூருக்கு விஸ்டா தன்னார்வலராக வந்தார். வந்தவர் அந்த மாநிலத்திலேயே தங்கி, கவர்னராகி, பிறகு 30 வருடங்கள் செனட்டராக இருந்தார்.

இப்போது விதி வேறு. விஸ்டா ஆள் சோறு பரிமாறக் கூடாது, பாடம் நடத்தக் கூடாது. ஏழைகளுக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனம் விண்ணப்பித்தால், ஒரு வருடத்துக்கு ஓர் ஆளை அனுப்புவார்கள். அந்த ஆள் செய்ய வேண்டியது, நிறுவனத்தைத் தன் காலில் நிற்க வைப்பது. ஆள் சேர்க்க வழி, பணம் திரட்ட வழி, கணக்கு வைக்க ஒரு முறை. சம்பளத்துக்கு ஏற்கெனவே இருப்பவரின் வேலையை இவர் பிடுங்கவும் கூடாது. வருடம் முடிந்து அவர் கிளம்பும்போது, அவர் இல்லாமலே வேலை நடக்க வேண்டும்.

"நம்ம என்.எஸ்.எஸ். மாதிரியா?" என்று தங்கை கேட்டாள்.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டையொட்டி 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. நானும் கல்லூரியில் அதில் இருந்தவள்தான். முகாமுக்குப் போய் ஒரு கிராமத்துப் பாதையோரம் மரக்கன்று நட்டோம். மண்வெட்டியோடு எடுத்த ஃபோட்டோ இன்னும் அம்மா வீட்டில் இருக்கிறது. அடுத்த வருடம் அந்த வழியாகப் பஸ்ஸில் போனபோது எட்டிப் பார்த்தேன். ஒரு கன்றும் இல்லை. ஆடு மேய்ந்ததா, வெயிலா தெரியாது. யார் தண்ணீர் ஊற்றுவது என்று நாங்கள் யாரையும் கேட்டிருக்கவில்லை. என்.எஸ்.எஸ்ஸைக் குறை சொல்லவில்லை, ரத்த தானத்துக்கும் வெள்ளத்துக்கும் அந்தப் பிள்ளைகள் ஓடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது மாணவர்கள் படிப்போடு செய்வது. இது ஒரு வருடம் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து, "யார் தண்ணீர் ஊற்றுவது?" என்று மட்டும் கேட்கிற வேலை.

சரி, அவளுக்கு என்ன கிடைத்தது? இங்கேதான் எனக்குச் சங்கடம். விஸ்டாவுக்குச் சம்பளம் கிடையாது, படிதான். அதுவும் அந்த வட்டாரத்தின் வறுமைக் கோட்டை ஒட்டியே நிர்ணயிக்கப்படுகிறது. ஏழைகளுக்கு வேலை செய்கிறவர் அவர்கள் நிலையிலேயே வாழ வேண்டும் என்பது முதலிலிருந்தே உள்ள கொள்கை. வருடத்தை முழுசாக முடித்தால், படிப்புச் செலவுக்கோ கல்விக் கடனுக்கோ 7,000 டாலரை ஒட்டி ஒரு தொகை தருவார்கள். அது வேண்டாம் என்றால் கையில் ரொக்கமாகக் கொஞ்சம்.

ஒரு நாள் மளிகைக் கடையில் எனக்கு முன்னால் அவள் நின்றாள். பணம் கட்ட நீட்டியது ஸ்நாப் அட்டை, அரசாங்கத்தின் உணவு உதவி. விஸ்டா படியை அந்த உதவிக்கு வருமானமாகக் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் பலருக்கும் கிடைக்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. கை ஒடிஞ்சா போயிடும் என்று கேட்டவள் ஆயிற்றே நான்.

கொள்கை அழகாக இருக்கிறது. ஆனால் அப்பா அம்மா வீட்டு வாடகைக்கு உதவக்கூடிய பிள்ளைகளுக்கு இந்த ஒரு வருடம் சுலபம். உண்மையிலேயே ஏழை வீட்டிலிருந்து வருகிற பிள்ளை, அந்த வருடம் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாதே! அவள் அறைத்தோழி, இன்னொரு ஊரில் விஸ்டாவாக இருந்தவள், கார் ரிப்பேர் செலவைச் சமாளிக்க முடியாமல் ஆறாவது மாதம் விட்டுவிட்டுப் போனாள். வறுமையை அறிந்தவர்களே வறுமையோடு போராட வர முடியவில்லை என்றால், அந்தப் படியை யாராவது திரும்ப யோசிக்கத்தான் வேண்டும்.

அந்தக் கடைச் சந்திப்புக்குப் பிறகு, என்னால் முடிந்தது, புதன்கிழமைகளில் ஒரு டப்பா சாம்பார் சாதம். சாப்பிட்டுவிட்டுச் செய்முறை கேட்டாள். சொன்னேன். "புளி கொஞ்சம்." "கொஞ்சம்னா?" "எலுமிச்சை அளவு." "எந்த எலுமிச்சை?" நோட்டோடு என் சமையலறையில் நின்று, நான் போடுவதையெல்லாம் ஸ்பூனால் அளந்து எழுதிக்கொண்டாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மாமியார் ஒரு வடுமாங்காய் போடுவார். ஊரே கேட்டு வாங்கிப் போகும். "கை அளவுதான், பார்த்துக்கோ" என்பார். பார்த்தோம், யாரும் எழுதவில்லை. அவர் போனபின் நானும் என் நாத்தனாரும் ஆளுக்கு ஐந்தாறு வருடம் முயன்றுவிட்டோம். வரவில்லை. பெரியம்மாவின் பின்னால் அந்தப் பெண் நோட்டோடு அலைந்தது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எல்லாவற்றுக்கும் பெரியம்மா தலையாட்டிவிடவில்லை. பெரிய சண்டையே நடந்தது. நிதி கொடுக்கிற அறக்கட்டளைகள் எத்தனை குடும்பம், எத்தனை குழந்தை என்று எண் கேட்கும். எண் வேண்டுமென்றால் வருகிறவர்களின் பெயரை எழுத வேண்டும் என்றாள் அவள். "சாப்பாட்டுக்கு வர்றவங்க கிட்ட பேர் கேக்கறதா? என் கதவுல அது நடக்காது" என்றார் பெரியம்மா. இரண்டு வாரம் பேச்சுவார்த்தையே இல்லை. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிந்தது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: பெயர் வேண்டாம், வீட்டில் பெரியவர் எத்தனை, சிறியவர் எத்தனை, எந்தப் பகுதி, அவ்வளவுதான். அதைக் கேட்கிற வேலை என் தலையில். நான் முப்பது வருடம் வங்கியில் கணக்குப் பார்த்தவள் என்பதை அவள்தான் ஞாபகம் வைத்திருந்தாள். அங்கே யாரும் அதுவரை என்னிடம் கேட்டதே இல்லை, நானும் டின் அடுக்கிக்கொண்டே இருந்துவிட்டேன்.

நான்கு மாதக் கணக்கு முடிந்தபோது நாங்களே அசந்துபோனோம். வருகிறவர்களில் ஐந்தில் இரண்டு பேர் குழந்தைகள். நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது முதியவர்கள்தான் அதிகம் என்று. வரிசையில் வந்து நிற்பது பெரும்பாலும் தாத்தா பாட்டிகள்தானே, வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகள் கண்ணில் படவில்லை. அதற்குப் பிறகுதான் பெட்டியில் பால் சேர்ந்தது.

2023 ஆகஸ்டில் அவள் கிளம்பினாள். கேக் வெட்டினோம். ஒரு நீல நிற ஃபைலை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே தாவல் ஒட்டிப் பிரித்த பக்கங்கள்: லாரி, ஃப்ரீசர், சாவி, பள்ளி மாணவர்கள், கணக்கு, நிதி. அவள் பிரமாதமாக எழுதி அனுப்பிய நிதி விண்ணப்பம் அதற்கு முன்பே தள்ளுபடியாகியிருந்தது. அழுதுவிட்டாள் அன்று.

2024 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீட்டு வாசல் பனிக்கட்டியில் பெரியம்மா வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. மறுநாள் சனிக்கிழமை. வெளியே குளிர் எலும்பைத் துளைக்கிறது, எட்டரைக்கே வரிசை நிற்கிறது, சாவி அவர் கைப்பையில், கைப்பை ஆஸ்பத்திரியில்.

'சாவி' பக்கத்தைப் பார்க்கலாமென்றால் ஃபைல் உள்ளே பூட்டிக் கிடக்கிறது! நல்லவேளை, அதே பக்கத்தின் நகலை தேவாலய அலுவலகக் கதவுக்குப் பின்னாலும் ஒட்டியிருந்தாள். இரண்டாவது சாவி யாரிடம் என்று அதில் இருந்தது. ஒன்பதே காலுக்குத் திறந்தோம். பதினைந்து நிமிடம்தான் தாமதம்.

அந்த வாரம் முழுக்க நீல ஃபைல்தான் எங்கள் பெரியம்மா. எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். நன்கொடையாளர்களைப் பட்டியலிட அவள் பெருமையோடு கம்ப்யூட்டரில் செய்துவைத்த ஏற்பாட்டை அவள் போனபின் ஒருவரும் திறக்கவில்லை. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை, அதை மட்டும் எழுத மறந்திருந்தாள். பல் இல்லாத தாத்தாவுக்கு நாங்கள் ஆப்பிள் கொடுத்து அனுப்பிவிட்டோம். அதுவும் ஃபைலில் இல்லை. ஆனால் ஒரு சனிக்கிழமைகூட கதவு மூடவில்லை. அவள் எழுதித் தோற்ற விண்ணப்பத்தை நான் எடுத்து, புதுக் கணக்கைச் சேர்த்து, வேறொரு இடத்துக்கு அனுப்பினேன். பெரிய ஃப்ரீசர் ஒன்று வாங்கப் பணம் கிடைத்தது.

சென்ற வருடம், 2025 ஏப்ரலில், அமெரிகார்ப்ஸின் ஏறத்தாழ 40 கோடி டாலர் மானியங்களை மத்திய அரசு திடீரென்று ரத்து செய்தது. அந்த அமைப்பின் ஊழியர்களில் பெரும்பாலோரை விடுப்பில் அனுப்பியது. பல மாநிலங்கள் வழக்குப் போட்டன. வழக்குப் போட்ட மாநிலங்களில் திட்டங்களைத் திரும்ப நடத்தச் சொல்லி ஜூனில் ஒரு நீதிபதி உத்தரவிட்டார். வீண் செலவு என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. அந்தப் பெண்ணை முதல் மூன்று மாதம் பார்த்திருந்தால் நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

செய்தியைப் பார்த்ததும் அவளுக்கு ஃபோன் செய்தேன். இப்போது நர்சிங் படிக்கிறாள், விஸ்டா முடித்ததற்குக் கிடைத்த தொகை முதல் பருவக் கட்டணத்துக்கு உதவியதாம். தேங்க்ஸ்கிவிங் நாளில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அது பரவாயில்லை, பாஸ்வேர்டு கிடைச்சுதா?" என்றாள். அவளுக்கே மறந்துவிட்டதாம்.

பெரியம்மா இப்போது வாக்கரோடு வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். வருகிறவர்களை விசாரிப்பது அவர் பொறுப்பு. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி, ஃபைலில் 'ஆட்கள்' என்று ஒரு பகுதி சேர்த்திருக்கிறேன். வாழைப்பழத் தாத்தா அதில் முதல் பக்கம். பெயர் எழுதவில்லை, 'பச்சைத் தொப்பி' என்றுதான். பெரியம்மா அதற்கு மட்டும் சம்மதித்தார்.

போன சனிக்கிழமை, பள்ளியிலிருந்து வரும் பையன் ஒருவன் ஃப்ரீசர் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "இந்த நம்பர் போகலையே" என்றான். ரிப்பேர்காரர் புது நம்பர் வாங்கியிருக்கிறார். பேனாவைக் கொடுத்து, அவனையே திருத்தச் சொன்னேன்.